அரசாணிக்காய்: பினாங்கு ஜெலுத்தோங் வீட்டு அரட்டைக் குழுவில் ஒரு புதன்கிழமை

காலை 7:48

பாபு: (படம்) ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் பூசணி இரண்டு வாங்கியாயிற்று. ஒரு வேலை முடிந்தது.

கிள்ளான் அத்தை: இது பூசணி இல்லையே

பாபு: பின்னே என்ன?

கிள்ளான் அத்தை: மஞ்சள் பூசணி கேட்டேன் பாபு. அம்மாவுக்குப் படைக்க, வெல்லம் போட்டுப் புளிக்குழம்பு. நீ வாங்கியது வெள்ளை, மலாயில் குண்டூர். புது வீட்டுக்குத் திருஷ்டி உடைப்பது.

பாபு: என் மாமியார் வீட்டில் இதுதான் பூசணி. மஞ்சளாக இருப்பது பரங்கி.

பெரியப்பா: மலாயில் லாபு என்று கேட்டிருந்தால் கடைக்காரனே எடுத்துக் கொடுத்திருப்பான். சரி, அதை விடுங்கள். 16-ஆம் நாள் கருமக்கிரியை அட்டைக்கு இன்று இரவு 8 மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மா பெயருக்குக் கீழே "பூர்வீகம்: நாகப்பட்டினம்" என்று போடச் சொல்லிவிட்டேன். படம் யாரிடம் இருக்கிறது?

கிள்ளான் அத்தை: நீலப் புடவைப் படமா

பெரியப்பா: அதுதான்.

சித்தப்பா: பாபு மேலும் தப்பில்லை, அக்கா மேலும் தப்பில்லை. பூசணி என்ற ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு காய். சென்னை, தஞ்சாவூர்ப் பக்கம் பூசணி என்றால் வெள்ளை, மஞ்சளைப் பரங்கிக்காய் என்பார்கள். மதுரைக்குத் தெற்கே போனால் மஞ்சளுக்கே பூசணி என்று பெயர், வெள்ளையை நாகர்கோவில் பக்கம் தடியங்காய் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் வெள்ளை என்றால் நீற்றுப்பூசணி. கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கம் மஞ்சளுக்கு அரசாணிக்காய். இத்தனை ஊர்க்காரர்களும் இங்கே எஸ்டேட்டில் ஒரே லயத்தில், வரிசை வீடுகளில், அடுத்தடுத்து இருந்தார்கள், பிள்ளைகள் எந்த வீட்டுச் சொல் முதலில் காதில் விழுந்ததோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். தொல்காப்பியம் இதைத் திசைச்சொல் என்கிறது, செந்தமிழ் நாட்டைச் சேர்ந்த பன்னிரண்டு நிலத்துச் சொற்கள். உரைகாரர்கள் உதாரணம் காட்டும்போது தாயைக் குட்டநாட்டார் தள்ளை என்பார்கள், நாயைப் பூழிநாட்டார் ஞமலி என்பார்கள் என்று எழுதினார்கள். மலையாளத்தில் இன்றைக்கும் தாய்க்குத் தள்ள என்ற சொல் உண்டு.

பாபு: ஞமலியா 😂

கிள்ளான் அத்தை: தம்பி நில்லு. அரசாணிக்காய். அம்மா அப்படித்தானே சொல்வார்?

கிள்ளான் அத்தை: நாம்தான் பூசணி பூசணி என்று மாற்றிவிட்டோம்

கிள்ளான் அத்தை: (படம்) அம்மா நோட்டு. அப்பா 60-க்கு எழுதியது.

நான்: பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் மூலையில் மஞ்சள் கறை. "அரசாணி 2, குச்சிக்கெழங்கு 5 காட்டி, சந்தகைக்குப் புழுங்கரிசி". காட்டி பழைய எடைக்கணக்கு. கிழங்கில் கெ போட்டிருக்கிறார். பேசின மாதிரியே எழுத்து.

பாபு: குச்சிக்கிழங்கு என்றால் என்ன கிழங்கு?

பெரியப்பா: மரவள்ளி. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடையாது, குச்சிக்கிழங்கு தின்றே உயிர் பிழைத்தோம் என்று அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறார். உனக்குச் சொல்லவில்லையா?

பாபு: எனக்குச் சொன்னபோது நான் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன் அப்பா.

காலை 9:15

நான்: எல்லாரும் ஒரு நிமிடம் இதைப் பாருங்கள். (படம்) தமிழ்நாட்டு வரைபடம். பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்காக வரைந்தது, இப்போது பாட்டி சொற்களை வைத்து மறுபடி நிறம் தீட்டினேன். அரசாணிக்காய் பச்சை, குச்சிக்கிழங்கு நீலம், இடியாப்பத்தைச் சந்தகை என்பது சிவப்பு. மூன்று நிறமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற இடம் மேற்கே, சேலம், நாமக்கல், ஈரோடு, கோயம்புத்தூர். கடலோரத்தில் ஒரு புள்ளி கூட இல்லை.

பெரியப்பா: அதனால்?

நான்: பாட்டியின் அம்மாவை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள் பெரியப்பா?

பெரியப்பா: அம்மிச்சி. ஏன்?

நான்: அம்மாவின் அம்மாவுக்கு அம்மிச்சி என்பது கொங்குப் பக்கம். நாகப்பட்டினத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதை நான் கேட்டதில்லை.

கிள்ளான் அத்தை: ஐயோ

பெரியப்பா: ஒரு காய்கறிப் பெயரை வைத்து ஊரை மாற்ற முடியாது. அம்மிச்சியின் காகிதத்தில் நாகப்பட்டினம் என்று இருக்கிறது. நான் கண்ணால் பார்த்தேன்.

சித்தப்பா: அண்ணே, அது கப்பல் ஏறிய துறை. அந்தக் காலத்தில் கங்காணி உள்ளூர்க் கிராமங்களில் ஆள் சேர்த்து ரயிலில் நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ கொண்டுவந்து கப்பல் ஏற்றினார். அம்மாவுக்கு இரண்டு வயது, 1937, ரஜூலா கப்பல். அடுத்த வருஷமே இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. எத்தனையோ வீட்டில் ஏறிய துறையே சொந்த ஊர் என்று ஆகிவிட்டது.

பெரியப்பா: நான் 2009-இல் நாகப்பட்டினம் போய் மூன்று நாள் தெருத் தெருவாகக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது இதை யாரும் சொல்லவில்லை.

கிள்ளான் அத்தை: அண்ணே நீங்கள் போனதே திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்

பாபு: அத்தை

கிள்ளான் அத்தை: சரி சரி

சித்தப்பா: ஆனால் ஒரு சொல்லை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது, அண்ணன் கேட்டது நியாயம். அரசாணி பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்கலாம். பிரான்சில் எட்மோன் என்று ஒருவர், 1897-இலிருந்து நாலு வருஷம் 639 ஊர்களுக்குப் போய், பெரும்பாலும் சைக்கிளில், ஒவ்வொரு ஊரிலும் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதினார். அதை வைத்து ஜில்லியெரோன் என்ற மொழி ஆய்வாளர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரைபடம் போட்டார். ஒரு சொல் முடிகிற இடத்தில் போடும் கோடு தனியாக எங்கே வேண்டுமானாலும் வளையும், பல கோடுகள் ஒரே இடத்தில் சேர்ந்து ஓடினால்தான் அது எல்லை. நமக்கு அப்படிப் பழைய படம் இல்லை. கிரியர்சன் இந்திய மொழிகளைக் கணக்கெடுத்தபோது அந்தக் கள வேலை மெட்ராஸ் மாகாணத்துக்குள் போகவில்லை.

நான்: சமையல் சொல்லைப் பக்கத்து வீட்டில் கற்கலாம். அம்மாவின் அம்மாவைக் கூப்பிடும் சொல்லைப் பக்கத்து வீட்டிலிருந்தா எடுப்போம் சித்தப்பா?

சித்தப்பா: அதைத்தான் நானும் யோசிக்கிறேன். கொல்லைப்புறத்துக்கும் கொங்கில் தனிச்சொல் உண்டு. அம்மா அதை என்ன சொல்வார், நினைவிருக்கிறதா அக்கா?

கிள்ளான் அத்தை: பொடக்காளி

கிள்ளான் அத்தை: பொடக்காளியில் துணி காயப் போட்டிருக்கிறேன் எடுத்து வா என்பார். இப்போதுதான் காதில் கேட்கிறது. அழுகை வருகிறது.

பகல் 12:30

பாபு: நடுவில் ஒரு கேள்வி. வருபவர்களுக்குத் தேத்தண்ணி மட்டும் போதுமா, காப்பியும் வேண்டுமா? சமையல்காரர் கேட்கிறார்.

சித்தப்பா: தே என்றதும் நினைவு வந்தது. அதற்கே உலக வரைபடம் இருக்கிறது. சீனாவின் ஹொக்கியன்காரர்கள் தே என்பார்கள், டச்சுக்காரன் அவர்களிடம் வாங்கிக் கப்பலில் கொண்டுபோனதால் ஐரோப்பாவில் பாதி இடம் தே. நிலவழியாகப் பாரசீகம் பக்கம் போனது சா, அதுதான் சாய். போர்த்துக்கீசியன் சீனத்து மக்காவ் துறையில் வாங்கினான், அவனும் சா. பினாங்குக் காப்பிக் கடையில் ஹொக்கியனில் தே, கோலாலம்பூரில் கந்தோனீஸில் சா. நம் தேயிலை கடல்வழி வந்த சொல்.

பாபு: காப்பி வேண்டுமா வேண்டாமா சித்தப்பா

கிள்ளான் அத்தை: இரண்டும்

இரவு 7:20

பெரியப்பா: அச்சகத்தில் கேட்டேன். நாளை மதியம் வரை நேரம் கொடுக்கிறார்கள்.

நான்: என்ன போடலாம் பெரியப்பா?

பெரியப்பா: நாகப்பட்டினம் என்பதை எடுக்கச் சொல்லிவிட்டேன். சேலம் என்று போட எனக்கு மனம் வரவில்லை, கோயம்புத்தூர் என்றும் போட முடியாது. உன் படத்தில் அந்த மூன்று நிறமும் சேரும் இடத்தை இன்னும் கொஞ்சம் சின்னதாக்க முடியுமா?

நான்: இன்னும் சொற்கள் வேண்டும். பாட்டி சொன்னது எது நினைவுக்கு வந்தாலும் இங்கே போடுங்கள், எழுத்துப்பிழை பார்க்காமல், அவர் சொன்ன மாதிரியே.

கிள்ளான் அத்தை: குரல் பதிவாகப் போடட்டுமா? எழுதினால் அப்படி வராது.

நான்: அதுதான் வேண்டும் அத்தை.

பெரியப்பா: எனக்கு இரண்டு மூன்று இருக்கிறது. இரவு பதிவு செய்கிறேன்.

பாபு: வெள்ளைப் பூசணி இரண்டையும் என்ன செய்வது?

கிள்ளான் அத்தை: மோர்க்குழம்பு வை. அரசாணிக்காய் நான் கிள்ளானிலிருந்தே எடுத்து வருகிறேன்.

பாபு: சனிக்கிழமை பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்கு யார் யார் வருகிறீர்கள்? வண்டியில் நாலு பேர்தான்.

கிள்ளான் அத்தை: நானும் மாமாவும்

பெரியப்பா: நான் ஃபெர்ரி படகில் வந்துகொள்கிறேன்.