குறைந்த வருவாயினருக்கான வீட்டுவசதி பற்றி ஊடகப் பயிலரங்கு: நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: அடையாறு_பயிலரங்கு

வணக்கம். எங்கள் தொண்டு நிறுவனம் சென்னையில் செய்தியாளர்களுக்காக இரண்டு நாள் பயிலரங்கு நடத்தப்போகிறது. பொருள், குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான வீட்டுவசதி. மொத்தம் 24 பேர். பாதிப் பேர் சென்னைச் செய்தியாளர்கள், மற்றவர்கள் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்ட நிருபர்கள். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ பேருந்தில் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம்.

இரண்டு நாளையும் நடத்திக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு நெறியாளரை அமர்த்த வேண்டும். இரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒருவர் நகரமைப்பில் முனைவர் பட்டம் பெற்றவர். அரசுத் திட்டங்களுக்கு ஆலோசகராகவும் இருந்திருக்கிறார். மற்றவர் நாளிதழில் மாநகராட்சிச் செய்திகளை நெடுங்காலம் எழுதியவர். பயிற்சி நடத்திய அனுபவம் கொஞ்சம்தான். யாரை எடுப்பது, எப்படிச் சோதிப்பது? ஒப்பந்தத்தில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

பதில் 1: மேசைப்பணி

நகரமைப்பு வல்லுநரை ஒன்றரை மணி நேரக் கருத்தாளராக அழையுங்கள். நெறியாளராகச் செய்தி வேலை தெரிந்தவரை எடுங்கள். ஆனால் அவருக்குக் கணக்கு வர வேண்டும். வீட்டுவசதிச் செய்திகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் கணக்கில்தான்.

சோதிப்பதற்கு ஒரே ஒரு கணக்குப் போதும். 2019 ஏப்ரல் முதல் ஜிஎஸ்டியில், கட்டிக்கொண்டிருக்கும் வீடு 'மலிவு விலை வீடு' என்ற வகைக்குள் வந்தால் 1 சதவீத வரிதான். சென்னை போன்ற பெருநகரில் அதற்கான வரம்பு, விலை 45 லட்சம், கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தளப்பரப்பு) 60 சதுர மீட்டர். பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்திலோ அளவுகோல் வருமானம். ஆண்டுக்கு 3 லட்சம் வரை பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, 6 லட்சம் வரை குறைந்த வருவாய்ப் பிரிவு.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 45 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி 80 சதவீதம் தந்தால் கடன் 36 லட்சம். 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் லட்சத்துக்கு மாதம் சுமார் 900 ரூபாய். ஆக மாதத் தவணை 32,400. ஆண்டு வருமானம் 3 லட்சம் உள்ள குடும்பத்துக்கு மாதம் வருவதே 25,000. மொத்தச் சம்பளத்தையும் விடத் தவணை பெரிது! 6 லட்சம் வருமானக் குடும்பம் சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தவணைக்கு ஒதுக்கினாலும் 20,000 ரூபாய்தான் வரும்; அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 22 லட்சம் கடன். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கைக்காசு. வரிச்சட்டம் 'மலிவு' என்று சொல்லும் வீடு யாருக்கு எட்டும், யாருக்கு எட்டாது என்பது இதில் தெரிந்துவிடும். இந்த ஒரு கணக்கைச் செய்தியாளர்கள் தாங்களே போட்டுப் பழகிவிட்டால், கட்டுமான நிறுவனத்தின் செய்திக்குறிப்பை அப்படியே அச்சிட அவர்களுக்குக் கை வராது.

இரண்டு விண்ணப்பதாரர்களையும் 20 நிமிட மாதிரி அமர்வு நடத்தச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குக் கட்டணம் கொடுங்கள், இலவசமாகக் கேட்பது முறையல்ல. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பிலிருந்து பத்துப் பக்கத்தை முன்னதாகவே அனுப்பி, "இதிலிருந்து மூன்று செய்திகளைப் பங்கேற்பாளர்களே கண்டுபிடிக்க வையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். எட்டு நிமிடத்துக்கு மேல் அவரே பேசிக்கொண்டிருந்தால் அவர் விரிவுரையாளர். இந்த வேலைக்கு ஒத்துவரமாட்டார்.

கூடவே, அரசின் இரண்டு வாரியங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கேள்வியும் போடுங்கள். வீட்டுவசதி வாரியம் வேறு, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் வேறு. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்குத்தான் 2021இல் இந்தப் புதிய பெயர் வந்தது. செய்திகளில் இவ்விரண்டையும் குழப்புவது அடிக்கடி நடக்கிறது. நெறியாளரும் அதில் தடுமாறினால் அவரை நம்பி ஒப்படைக்க முடியாது.

பதில் 2: ராஜீவ்காந்தி_சாலை

களப்பயணம் பற்றி மட்டும் சொல்கிறேன். காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் அதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பியிருப்பார்கள். முதியவர்களையும் குழந்தைகளையும்தான் சந்திப்பீர்கள். அங்குள்ள பெரிய செய்தியே தூரம்தான். நகரின் நடுவிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும். பழைய வேலையிடத்துக்குப் போய்வரும் நேரமும் செலவும் தெரிய வேண்டுமென்றால் விடிகாலை ஐந்தரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டும். முடியாவிட்டால் முதல் நாள் மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள்.

24 பேரும் ஒரே பேருந்திலிருந்து கேமராவோடு இறங்கினால் யாரும் மனம் விட்டுப் பேசமாட்டார்கள். ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்கள், குழுவுக்கு ஒரு பிளாக், உடன் அங்கேயே குடியிருக்கும் ஒருவர். அவருக்கு ஒரு நாள் கூலியை மதிப்பூதியமாகக் கொடுங்கள்; உங்களுக்காக அவர் வேலையை விட்டுவிட்டு வருகிறார். குழந்தைகளைப் படமெடுக்கப் பெற்றோரின் சம்மதம் கட்டாயம். இதையெல்லாம் நெறியாளர் குறைந்தது ஒருமுறை முன்னதாகவே நேரில் போய் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த நாளுக்கும் சேர்த்துக் கட்டணம் பேசுங்கள்.

முடிந்தால் ஒரு குழுவைப் புளியந்தோப்பு கே.பி. பார்க் வாரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்புங்கள். அது நகருக்குள்ளேயே இருப்பதால் தூரம் பிரச்சினை இல்லை. 2021இல் அங்கே சுவர்ப் பூச்சு உதிர்ந்து பெரிய சர்ச்சையானது. கட்டடத் தரத்தை ஐஐடி மெட்ராஸ் ஆய்வு செய்தது. 'எங்கே கட்டினார்கள்', 'எப்படிக் கட்டினார்கள்' இரண்டும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள். ஒரே ஒரு குடியிருப்பைப் பார்த்தவருக்கு அது பிடிபடாது.

அடையாறு_பயிலரங்கு:

மிக்க நன்றி. பயண நேரத்தை மாற்றிவிடுகிறோம். வல்லுநரைக் கருத்தாளராக அழைத்தால், அவர் அரசு ஆலோசகராக இருந்தது சிக்கலாகுமா? வாரிய அதிகாரி ஒருவரையும் அழைக்கும் எண்ணம் இருக்கிறது.

பதில் 3: ஒப்பந்தக்_குறிப்பு

ஆலோசகராக இருந்ததில் தவறில்லை, அதை மறைப்பதுதான் தவறு. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம், கட்டுமான நிறுவனம், வீட்டுக்கடன் நிறுவனம் எதிலிருந்து பணம் பெற்றிருந்தாலும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அமர்வு தொடங்கும்போதே பங்கேற்பாளர்களிடம் சொல்லிவிடுங்கள். நெறியாளருக்கும் இதே விதிதான். உங்கள் பயிலரங்குக்கு நிதி தருவது யார் என்பதையும் அழைப்பிதழிலேயே போடுங்கள். செய்தியாளர்களுக்குப் பயணச் செலவு, தங்குமிடம் தவிர அன்பளிப்பு எதுவும் கூடாது. எழுதும் செய்தியை முன்கூட்டிக் காட்டச் சொல்லவும் கூடாது.

அதிகாரியை அழையுங்கள், ஆனால் அவர் பேசுவதைப் பெயர் போட்டு எழுதலாமா என்பதை முதல் நாளே முடிவு செய்து பலகையில் எழுதி வையுங்கள். நடுவில் "இது செய்திக்கல்ல" என்று ஒருவர் சொல்ல, மறுநாள் அது அச்சில் வந்தால் அடுத்த பயிலரங்குக்கு எந்த அதிகாரியும் வரமாட்டார்.

கட்டணத்தை இரண்டு நாளுக்கு மட்டும் பேசுவதுதான் பலரும் செய்யும் தவறு. தயாரிப்புக்கு மூன்று நாள், களத்தை முன்கூட்டிப் பார்க்க ஒரு நாள், நடத்த இரண்டு நாள், பின்தொடர்தலுக்கு இரண்டு நாள் என எட்டு நாள் வேலை இது. தயாரிப்புக்குப் பணம் தராவிட்டால் எங்கோ பயன்படுத்திய பழைய ஸ்லைடுகள்தான் வரும், அதுவும் ஆங்கிலத்தில். கையேடு தமிழில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கையெழுத்தானதும் 30 சதவீதம், அமர்வுத் திட்டமும் கையேடும் வந்ததும் 30, மீதி 40 பின்தொடர்தல் முடிந்த பிறகு. பின்தொடர்தல் என்றால் ஆறு வாரத்துக்குள் ஒவ்வொரு செய்தியாளரோடும் இரண்டு முறை பேசி, எடுத்துக்கொண்ட செய்தியை முடிக்க உதவுவது. பயிலரங்கு பலன் தருவது அந்த ஆறு வாரத்தில்தான், அதனால் பெரிய தவணையை அங்கே வையுங்கள்.

வரி: தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி). பான் இல்லையென்றால் 20. அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் 18 சதவீதம் கூடும், பட்ஜெட்டில் இதைத்தான் மறந்துவிடுவார்கள்.

பயிலரங்குக்கு எட்டு வாரம் முன்பே நெறியாளரை அமர்த்துங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் வர 30 நாள் ஆகும். 10 ரூபாய் கட்டணத்தில் நான்கைந்து மனுக்களை இப்போதே போட்டுவைத்தால், காலியாகக் கிடக்கும் வீடுகளின் எண்ணிக்கை, ஒதுக்கீட்டுப் பட்டியல் போன்ற உண்மையான ஆவணங்களை வைத்தே பயிற்சி நடத்தலாம். பதில் வராவிட்டால் மேல்முறையீட்டு மனு எழுதுவதையே ஓர் அமர்வாக்கிவிடலாம்.

தேதி குறிக்கும்போது அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிருங்கள். வடகிழக்குப் பருவமழையில் எல்லா நிருபர்களும் மழைச் செய்திக்கு ஓடுவார்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் காலத்தில் அதிகாரிகள் வர யோசிப்பார்கள். பங்கேற்பாளர்களை இரண்டு நாளும் வேறு பணிக்கு அனுப்புவதில்லை என்று பத்திரிகை ஆசிரியர்களிடமிருந்து கடிதம் வாங்குங்கள், இல்லாவிட்டால் மதியத்துக்கு மேல் பாதி நாற்காலி காலி. குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் சேர்த்து 15 நிமிடம். அதற்கு மேல் போனால் நிறுத்தும் உரிமை நெறியாளருக்கு உண்டு என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.