கதவுத் தகட்டில் ஒட்டும் இழைப்பட்டை: செய்து பார்த்தவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். என் காரின் கதவு வெளித்தகடு, சுமார் 0.7 மி.மீ. தடிமனுள்ள எஃகு, கைப்பிடிக்குக் கீழே விரலால் அழுத்தினாலே உள்வாங்கி மீள்கிறது. வெல்டிங் வெப்பத்தில் மெல்லிய தகடு நெளிந்துவிடும் என்பதால், உட்புறத்தில் எபாக்சி பசையால் கார்பன் ஃபைபர் பட்டையை ஒட்டி வலுப்படுத்த எண்ணியிருக்கிறேன். கார்பன் மின்கடத்தி, ஈரம் புகுந்தால் அதைத் தொட்டிருக்கும் எஃகு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், இடையில் மின்சாரம் கடத்தாத ஒரு கண்ணாடி இழை அடுக்கை வைப்பேன்.

என் உண்மையான கவலை வேறு. வெயிலில் எஃகு விரியும் அளவுக்குக் கார்பன் விரியாது, பசையும் இறுகும்போது சற்றுச் சுருங்கும். ஆகவே பட்டையின் விளிம்பு வெளிப்புறப் பெயின்டில் கோடாகத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். பட்டையைப் பல அடுக்குகளாக ஒட்டி, மேலடுக்குகளைப் படிப்படியாகச் சிறிதாக்கி விளிம்பைச் சரிவாக்கினால் இது தீருமா, அல்லது முழுவதும் கண்ணாடி இழையே போதுமா? தகட்டின் அடிப்பூச்சான ப்ரைமரின் மேலேயே ஒட்டலாமா, வெற்று உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து விளக்குங்கள்.