சுண்டுவிரல் மரத்த கதை

குழு: பெரியவீட்டுச் சொந்தங்கள், கும்பகோணம்

கார்த்தி: 📷 நேற்று ராத்திரி இதைப் போட்டுக்கொண்டு பேட்மிண்டன் ஆடினேன். முக்கால் மணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துவிட்டது. கழற்றினால் புஜத்தில் வங்கி போட்ட மாதிரி சிவப்புத் தடம்.

ராஜி அத்தை: என்னடா இது, கைக்குக் காலுறையா?

கார்த்தி: கம்ப்ரஷன் ஸ்லீவ் அத்தை, கையை இறுக்கிப் பிடிக்கும் உறை. ஆன்லைனில் வாங்கினேன். மீடியம்.

மாலதி சித்தி: யார் கைக்கு மீடியம்? அளவெடுத்தாயா?

கார்த்தி: டிஷர்ட் மீடியம்தானே சித்தி, அதனால்...

மாலதி சித்தி: எங்கள் பிசியோ அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். அம்மாவின் தையல் டேப்பை எடு. கையைத் தளரத் தொங்கவிட்டு நடுப்புஜம், முன்கையில் தடித்த இடம், மணிக்கட்டு மூன்றையும் அள.

கார்த்தி: 33, 27, 17 செ.மீ. பெட்டியில் மீடியத்துக்குப் புஜம் 26-30 என்று போட்டிருக்கிறது 😐

ரவி மாமா: மாப்பிள்ளை, நாலு மாதமாகச் சாப்பிட்ட டிகிரி காபியும் கடப்பாவும் டேப்பில் தெரிகிறது 😂

மாலதி சித்தி: முழங்கையின் உள்பக்கமாக ஒரு நரம்பு ஓடுகிறது. அது அழுந்தினால் சுண்டுவிரல்தான் முதலில் மரக்கும். விரல் மரத்தாலோ நீலம் பூத்தாலோ உடனே கழற்று. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை வாங்கு.

கார்த்தி: ஆலன் ஐவர்சன் போட்டுக்கொண்டுதானே கூடைப்பந்து ஆடினார்?

மாலதி சித்தி: 2001-இல் அவருக்கு வலது முழங்கையில் வீக்கம், அதற்காகப் போட்டார். உனக்கு எங்கே வீங்கியிருக்கிறது? மறுநாள் சதைவலி சிலருக்குக் கொஞ்சம் குறையும், விழுந்தால் சிராய்க்காது. ஸ்மாஷ் வேகமாகும் என்று மட்டும் நம்பாதே.

ரவி மாமா: நான் சைக்கிளில் சுவாமிமலை போகும்போது போடுவதும் இதுதானா?

மாலதி சித்தி: அது வெறும் வெயில் உறை அண்ணா. இறுக்காது. உங்களுக்கு அதுவே போதும்.

தாத்தா: நடவுக்கு வரும் பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொள்கிறார்களே, அதற்கு யாரும் இங்கிலீஷில் பெயர் வைக்கவில்லை.

ராஜி அத்தை: மாலதி, எங்கள் அக்காவுக்கு மார்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வலது கை வீங்குகிறது. இதில் ஒன்று வாங்கித் தரட்டுமா?

மாலதி சித்தி: வேண்டவே வேண்டாம் அண்ணி. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு நிணநீர் தேங்கி வீங்கும். அவர்களுக்கான ஸ்லீவ் வேறு. மணிக்கட்டில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று டாக்டர் சொல்லவேண்டும். அளவு எடுப்பது காலையில், வீக்கம் குறைந்திருக்கும்போது. புறங்கையும் வீங்கினால் கையுறையும் சேர்த்துக் கேளுங்கள். அதைப் போட்டுக்கொண்டே கைப்பயிற்சி செய்யலாம், நல்லது. கை திடீரென்று சிவந்து சுட்டாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ராஜி அத்தை: சரி. நாளைக்கே அழைத்துப் போகிறேன்.

அம்மா: அவன் ஸ்லீவை வாஷிங் மெஷினில் துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றிப் போட்டுவிட்டேனே 🙈

மாலதி சித்தி: போச்சு, அது இழுவையைக் கெடுக்கும். இனிமேல் கையால் அலசி, முறுக்காமல், நிழலில் போடு அக்கா.

கார்த்தி: துவைத்ததைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம். 30-க்குள் யார் கை இருக்கிறது?

தாத்தா: எனக்கு 26. கொண்டுவா. விடியற்காலையில் மோட்டார் போடப் போகும்போது கொசு பிடுங்குகிறது.

மாலதி சித்தி: அப்பா, வந்ததும் கழற்றிவிடுங்கள். அப்படியே தூங்கிவிடாதீர்கள்.

தாத்தா: 👍