கிரியேட்டினின் 1.4-லிருந்து 1.6: சிறுநீரகம் இனி எவ்வளவு வேகமாகக் கெடும் என்று எந்த ரத்தப் பரிசோதனை சொல்லும்?

வடிகட்டி:
52 வயது ஆண், சர்க்கரை நோய் உண்டு. ஒரு வருஷத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவு) 1.4-லிருந்து 1.6 ஆகிவிட்டது. 2021 சிகேடி-எபி சமன்பாட்டுக் கணக்கில் இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் நிமிஷத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) 61-லிருந்து 52. உண்மையான சரிவா, அளவீட்டு ஆட்டமா? சிஸ்டாட்டின்-சி (சிறுநீரகம் வடிகட்டும் ஒரு சிறு புரதம்), பைகார்பனேட் (ரத்தத்தின் அமிலச் சமநிலையைக் காட்டுவது), எஃப்.ஜி.எஃப்-23 (பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) இதில் எது உதவும்?

நெப்ரான்:
இரண்டு புள்ளியை வைத்துக் கோடு போடாதீங்க. இ.ஜி.எஃப்.ஆரில் இது சுமார் 15% இறக்கம். 20%-ஐத் தாண்டினால்தான் வழக்கமான ஏற்ற இறக்கத்தை மீறியது என்கிறது கேடிஐஜிஓ என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதல் (2024). ஆனால் வருஷத்துக்கு 5-க்கு மேல் தொடர்ந்து குறைந்தால் அது வேகமான சரிவு, அதனால் அலட்சியமும் கூடாது. 3 மாதத்துக்குள் அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்க. முந்தைய 12 மணி நேரம் இறைச்சி வேண்டாம். ட்ரைமெதோப்ரிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எடுத்தால் வடிகட்டல் மாறாமலே கிரியேட்டினின் ஏறும். இடையில் ராமிப்ரில் (ரத்த அழுத்த மருந்து), டாபாகிளிஃப்ளோசின் (சர்க்கரை மருந்து) மாதிரி ஏதாவது தொடங்கினாங்களா? ஆரம்பத்தில் இ.ஜி.எஃப்.ஆர் கொஞ்சம் இறங்குவது எதிர்பார்த்ததுதான். இறக்கம் 30%-க்கு மேல் போனால் காரணம் தேடணும்.

குழாய்_எண்_4:
சிஸ்டாட்டின்-சி தசை அளவை அவ்வளவாகச் சார்ந்ததில்லை, மெலிந்தவர்களுக்கு ரொம்ப உதவும். கிரியேட்டினின், சிஸ்டாட்டின்-சி இரண்டையும் சேர்த்த சமன்பாடுதான் உண்மைக்குக் கிட்டே வரும். ஆனால் ஸ்டீராய்டு, தைராய்டு மிகைப்பு, உடல் பருமன், புகைப்பழக்கம் எல்லாம் அதையும் ஏற்றிவிடும். பைகார்பனேட் 22-க்குக் கீழே போனால் கவனிக்கணும். குழாயைத் திறந்து வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பொய்யாகக் குறையும். சீரத்தைப் பிரிக்கத் தாமதித்தால் அணுக்களிலிருந்து கசிந்து பாஸ்பேட், பொட்டாசியம் இரண்டும் கூடும்.

சரிவுக்கோடு:
எல்லாரும் ரத்தத்தையே பேசுறீங்க. சிறுநீரில் எவ்வளவு புரதம் கசிகிறது என்று காட்டும் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் எங்கே? அது இல்லாத கணிப்பு பாதிக் கணிப்பு. சிறுநீரகம் செயலிழக்கும் அபாயத்தைக் கணிக்கும் கேஎஃப்ஆர்இ சூத்திரத்துக்கு வயது, பால், இ.ஜி.எஃப்.ஆர், அந்த விகிதம் என நாலே போதும். எட்டு மாறி வடிவத்தில் கால்சியம், பாஸ்பேட், சீரம் அல்புமின், பைகார்பனேட் சேரும். இ.ஜி.எஃப்.ஆர் 60-க்குக் கீழே இருந்தால்தான் பொருந்தும், 52-க்குப் போடலாம். 5 ஆண்டு அபாயம் 3 முதல் 5% வந்தாலே சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பலாம். எஃப்.ஜி.எஃப்-23 ஆய்வுக்குச் சரி, அதைப் பார்த்து மருந்து மாறப்போவதில்லை.

வடிகட்டி:
விகிதம் பார்க்கவே இல்லை. எந்த நேரச் சிறுநீர்?

சரிவுக்கோடு:
காலை முதல் சிறுநீர். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சிக்கு மறுநாள் வேண்டாம், பொய்யாகக் கூடும். 30 மி.கி./கிராமுக்கு மேல் வந்தால் இன்னொரு மாதிரியும் எடுத்து உறுதி செய்யுங்க.