துல்ஹஜ் பத்தில் ஒரு லட்சம் திக்ர்: நாக்கு ஓடினால் போதுமா?

மேலப்பாளையத்தான்:
அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று காயல் காக்கா இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். ஹஜ் மாதமான துல்ஹஜ்ஜின் முதல் பத்து நாளில் குழுவாகச் சேர்ந்து ஒரு லட்சம் திக்ர் (இறைவனை நினைத்துச் சொல்லும் துதி) முடிக்க வேண்டுமாம். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து, இரவு இஷா தொழுகைக்கு அப்புறம் வாட்ஸ்அப்பில் கணக்கு ஒப்படைக்க வேண்டுமாம். விரலில் மாட்டுகிற கவுண்டர் இருந்தால் சுலபமாம். இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசி வரிதான் தாங்கவில்லை: "மனசு எங்கே சுற்றினாலும் கவலை வேண்டாம், நாக்கு ஓடினால் போதும், கணக்கு ஏறிவிடும்."

கணக்கு ஏற இது என்ன கரண்ட் மீட்டரா?

இந்த நாள்களில் தஹ்லீல் (லா இலாஹ இல்லல்லாஹ்), தக்பீர் (அல்லாஹு அக்பர்), தஹ்மீதை (அல்ஹம்துலில்லாஹ்) அதிகப்படுத்தச் சொல்லி முஸ்னத் அஹ்மத் என்ற ஹதீஸ் நூலில் வருகிறது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் குர்ஆன் 7:205 என்ன சொல்கிறது? மனதுக்குள், பணிவோடும் அச்சத்தோடும், சத்தம் உயர்த்தாமல் இறைவனை நினைக்கச் சொல்லிவிட்டு, கவனமற்றவர்களில் ஆகிவிடாதே என்று முடிக்கிறது. இராக்கின் கூஃபா பள்ளிவாசலில் வட்டமாக உட்கார்ந்து கூழாங்கல்லை வைத்து திக்ரை எண்ணியவர்களை நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) என்ன கேட்டார்? போய் உங்கள் பாவங்களை எண்ணுங்கள், நன்மைகளில் எதுவும் தொலைந்து போகாது, அதற்கு நான் பொறுப்பு என்றார். தாரிமீ ஹதீஸ் நூலில் இருக்கிறது. கல்லுக்கே அந்தப் பேச்சு என்றால் கவுண்டருக்கு?

காயல் காக்கா:
வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. மேல் வரியை வெட்டிவிட்டுக் கீழ் வரியை மட்டும் மாட்டியிருக்கிறீர்கள். மனசு நிற்கவில்லையே என்று திக்ரையே விட்டுவிடுகிறவர்களுக்காக எழுதியது அது. வெட்டி ஒட்டுகிற வேலை உங்களுக்குப் புதிதில்லை.

இப்னு மஸ்ஊத் கண்டித்தது கல்லை அல்ல, அந்த ஆள்களை. அதே அறிவிப்பின் கடைசியை ஏன் விட்டீர்கள்? அந்த வட்டங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நஹ்ரவான் போரில் காரிஜிய்யா கலகக்காரர்களோடு நின்று எங்களை எதிர்த்தார்கள் என்று அறிவிப்பாளர் சொல்கிறார். அவர்களுடைய போக்கு அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. கல் பாவம், அது என்ன செய்தது?

ஆம்பூர் பையன்:
கல்லும் இல்லை, ஆளும் இல்லை. வட்டம். நடுவில் ஒருத்தர் "நூறு தக்பீர் சொல்லுங்கள்" என்கிறார், எல்லாரும் சொல்கிறார்கள். அப்புறம் நூறு தஹ்லீல், அப்புறம் நூறு தஸ்பீஹ் (சுப்ஹானல்லாஹ்). நபித்தோழர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே இப்படி ஒரு புது ஏற்பாடா என்றுதான் கேட்டார். காக்காவின் வாட்ஸ்அப் குழுவும் அதேதான், உட்காரும் பாய் மட்டும் இல்லை.

மேலப்பாளையத்தான்:
ஆம்பூர் தம்பி பாதி வந்துவிட்டார், மீதியும் வந்துவிடுவார். அறிவிப்பைப் படியுங்கள். இப்னு மஸ்ஊத் அவர்களிடம் முதலில் கேட்ட கேள்வி, என்ன செய்கிறீர்கள் என்பது. அவர்கள் சொன்ன பதில், இந்தக் கற்களை வைத்து எண்ணுகிறோம் என்பது. அவர் பதிலுக்குச் சொன்னது, பாவங்களை எண்ணுங்கள். கேள்வி, பதில், மறுபதில் எல்லாம் எண்ணுவதைப் பற்றி. வட்டம் எங்கே வந்தது?

காக்காவுக்கு: அந்த ஆள்கள் காரிஜிய்யாக்கள் ஆனது பிற்பாடு. அன்றைக்குக் கையில் இருந்தது வாளா, கல்லா?

காயல் காக்கா:
எண்ணுவதே குற்றம் என்றால் தொழுகைக்குப் பின் 33, 33, 33 சொல்லி நூறாக முடிக்கச் சொன்ன முஸ்லிம் நூலின் ஹதீஸை என்ன செய்யப் போகிறீர்கள்? ஒரு நாளில் நூறு தடவை "சுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி" சொன்னால் கடல் நுரை அளவு பாவமும் மன்னிக்கப்படும் என்று புகாரியில் வருகிறதே, நூறு என்பது எண்ணாமல் வருமா? நபியின் மனைவி ஸஃபிய்யா (ரலி) முன்னால் 4000 பேரீச்சங்கொட்டைகள் இருந்தன, திர்மிதியில் இருக்கிறது. அபூஹுரைரா (ரலி) முடிச்சுப் போட்ட நூல் வைத்திருந்தார்கள்.

நீங்கள் தலையில் தூக்கி வைக்கும் பழைய அறிஞர் இப்னு தைமிய்யாவே கொட்டையாலும் கல்லாலும் எண்ணுவது நல்லதுதான், ஸஹாபாக்களில் (நபித்தோழர்களில்) அப்படிச் செய்தவர்கள் உண்டு என்கிறார். மணி மாலை பற்றியும், நிய்யத் (எண்ணம்) சரியாக இருந்தால் நல்லதே என்கிறார். உங்கள் ஆளே என் பக்கம்.

மேலப்பாளையத்தான்:
என் ஆள், உங்கள் ஆள் என்று யாரும் கிடையாது. ஆதாரம்தான் ஆள்.

ஸஃபிய்யா ஹதீஸைப் பதிவு செய்த திர்மிதியே "கரீப்" (ஒரே வழியில் வரும் அரிதான செய்தி) என்று சொல்லிவிட்டார், அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. அதிலும் நபி (ஸல்) அந்தக் கொட்டைகளைப் பார்த்துவிட்டு, இதைவிட அதிகமான ஒன்றைச் சொல்லித் தரட்டுமா என்றுதான் கேட்கிறார்கள். சரி, எண்ண வேண்டும் என்றால் எதில் எண்ணுவது? யுஸைரா (ரலி) அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது: விரல்களால் எண்ணுங்கள், அவை விசாரிக்கப்படும், பேசவைக்கப்படும். உங்கள் கவுண்டர் மறுமையில் பேசுமா? பேட்டரி இருக்குமா?

நபி (ஸல்) வைத்த எண் வேறு, நீங்கள் வைத்த எண் வேறு. 33க்கு ஹதீஸ் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு எங்கே? நபியின் மனைவி ஜுவைரியா (ரலி) அதிகாலை சுப்ஹு தொழுத இடத்திலேயே முற்பகல் வரை உட்கார்ந்திருந்தார்கள். நபி (ஸல்) திரும்பி வந்து, நான் மூன்று முறை சொன்ன நான்கு வார்த்தைகள் நீ இவ்வளவு நேரம் சொன்னதற்கெல்லாம் எடை கூடும் என்றார்கள். முஸ்லிம் நூலின் ஹதீஸ். எடை என்கிறார்கள், எண்ணிக்கை என்று சொல்லவில்லை.

கேள்வி அப்படியே நிற்கிறது: இப்னு மஸ்ஊத் கண்டித்தது கல்லையா இல்லையா? ஆம், இல்லை, ஒரே வார்த்தை போதும்.

காயல் காக்கா:
இல்லை.

மேலப்பாளையத்தான்:
ஆதாரம்?

அடுப்படி ராத்தா:
பள்ளிவாசல் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எண்ணுகிறவர்கள் பேசி முடித்துவிட்டால் நான் ஒன்று சொல்லட்டுமா? அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். ஒரு கையில் தேங்காய்த் துருவல், மறு கையில் பிள்ளை. விரலை மடித்து எண்ணச் சொல்கிறீர்கள், எந்த விரலை? கட்டைவிரலால் கவுண்டரை அழுத்திக்கொண்டே ஆணம் கிளறுகிறேன். சில நேரம் எண் கூடியிருக்கும், சொன்ன ஞாபகமே இருக்காது. அப்போது அடுப்பைக் குறைத்துவிட்டு, கூடின அத்தனையையும் நிதானமாக மறுபடி சொல்லுவேன். அந்த எண் இல்லையென்றால் மனசு நழுவியதே எனக்குத் தெரிந்திருக்காது. மனசு ஒன்ற வேண்டும், ஓர்மை வேண்டும் என்கிறீர்களே, அது எப்படி வருகிறது என்று இரண்டு பேரில் ஒருவரும் இன்னும் சொல்லவில்லை.

மேலப்பாளையத்தான்:
பார்த்தீர்களா! "எண் கூடியிருக்கும், சொன்ன ஞாபகமே இருக்காது." சகோதரி வாயாலேயே வந்துவிட்டது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அடுப்படி ராத்தா:
அதற்கு அடுத்த வரியையும் படிங்க தம்பி. காக்கா சொன்னது சரிதான், வெட்டி ஒட்டுவதில் நீங்கள் கைதேர்ந்தவர்.

அக்கரைப்பற்றான்:
எங்கட பக்கம் ஒரு கேள்வி. பத்து நாள், பத்து நாள் என்கிறீங்க. யாருடைய பத்து நாள்? சவூதி பிறைக்கா, நம்ம பிறைக்கா? ஒன்பதாம் நாள் மாறினால் அரஃபா நோன்பும் மாறுமே. அதைத் தீர்க்காமல் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீங்க.

ஆம்பூர் பையன்:
நல்லா இருந்த திரியில் பிறையைக் கொண்டுவந்தாயிற்று. முடிஞ்சது.

காயல் காக்கா:
இதில் தீர்க்க என்ன இருக்கிறது? குறைப் என்ற அறிவிப்பாளரின் செய்தி முஸ்லிம் நூலில் இருக்கிறது. ஷாமில் (சிரியாவில்) முஆவியா (ரலி) பார்த்த பிறை மதீனாவில் இருந்த எங்களுக்குப் போதாது என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னார்கள். நம் ஊரில் பிறை பார்த்து, நம் ஒன்பதாம் நாளில் நோன்பு. அந்த சுப்ஹில் தொடங்கி 13ஆம் நாள் மாலை அஸர் வரை 23 வேளைத் தொழுகைக்குப் பின்னால் தக்பீர். எங்கள் பள்ளியில் சலாம் கொடுத்ததும் இமாம் எடுத்துக் கொடுப்பார், மொத்த ஜமாஅத்தும் சேர்ந்து சொல்லும். அந்த நேரத்தில் நெஞ்சு அடைக்காதவன் யாரும் இல்லை.

மேலப்பாளையத்தான்:
இமாம் எடுத்துக் கொடுக்கிறார், ஜமாஅத் சேர்ந்து சொல்கிறது! கூஃபாவில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஆம்பூர் தம்பி சொல்லட்டும்.

குறைப் விஷயம் ரமலான் பிறை. அரஃபா என்பது ஹாஜிகள் நிற்கும் நாள். உலகத்தில் அரஃபா மைதானம் ஒன்றுதான், காயலில் ஒன்று, கல்முனையில் ஒன்று கிடையாது. ஹாஜிகள் பெருநாளுக்குத் தலை மழிக்கும்போது நீங்கள் அரஃபா நோன்பு வைப்பீர்கள்.

அக்கரைப்பற்றான்:
டெலிபோன் இல்லாத காலத்தில் ஹாஜிகள் எப்போ நின்றார்கள் என்று ஊருக்கு யார் வந்து சொன்னது? 1300 வருஷம் எல்லாரும் பிழையாகவா நோன்பு வைத்தார்கள்?

மேலப்பாளையத்தான்:
அவர்களுக்குச் செய்தி வரவில்லை. உங்களுக்கு நேரலையே வருகிறது. போன ரமலானில் இதே கேள்வியைக் கேட்டுவிட்டுத் திரியை விட்டு ஓடினீர்கள், நான் மறக்கவில்லை.

அக்கரைப்பற்றான்:
ஓடவில்லை. ஸஹருக்குப் போனேன்.

ஆம்பூர் பையன்:
என்னைக் கூப்பிட்டதால் சொல்கிறேன். இப்னு உமரும் அபூஹுரைராவும் (ரலி) இந்தப் பத்து நாளில் கடைத்தெருவுக்குப் போய்த் தக்பீர் சொல்வார்கள், அதைக் கேட்டு மக்களும் சொல்வார்கள் என்று புகாரியில் வருகிறது. ஹாஜிகள் தங்கும் மினாவில் உமர் (ரலி) கூடாரத்திலிருந்து சொல்ல, பள்ளியில் இருப்பவர்கள் சொல்ல, கடைவீதி சொல்ல, மினாவே அதிர்ந்ததாகவும் வருகிறது. சத்தத்துக்கு இடம் இருக்கிறது. பக்கத்தில் ஆள் இருப்பதற்கும் இடம் இருக்கிறது. இல்லாதது பங்கு பிரிப்பதும் கணக்கு ஒப்படைப்பதும். ஆகவே வட்டம்தான்.

காயல் காக்கா:
கடைத்தெருவில் வியாபாரம் செய்துகொண்டே தக்பீர் சொன்னவர்களுக்கு எல்லாம் மேலப்பாளையத்தார் கேட்கிற ஓர்மை இருந்ததா? தராசைப் பார்த்துக்கொண்டே நாக்கு ஓடவில்லையா? ரொம்ப நன்றி ஆம்பூர் தம்பி, நான் தேடிக்கொண்டிருந்த ஆதாரம்.

மேலப்பாளையத்தான்:
அவர்கள் கையில் கவுண்டர் இல்லை. கல்லும் இல்லை. கல்லுக்கு ஆதாரம் கேட்டால் நீங்கள் கடைத்தெருவைக் காட்டுகிறீர்கள்.

இன்னொன்று. நேற்றைய பதிவின் கீழே அந்தக் கவுண்டர் எங்கே கிடைக்கும் என்று நம்பர் போட்டிருந்ததே, யாருடைய கடை அது? மனசு சுற்றினாலும் பரவாயில்லை, கவுண்டர் விற்றால் சரி என்றுதானே?

காயல் காக்கா:
அஸ்தஃபிருல்லாஹ். மச்சினன் கடைதான், மறைக்கவில்லை. லாபம் இல்லாமல் கொடுக்கிறான். நீங்கள் போன வருஷம் கூட்டுக் குர்பானிக்கு ஆள் பிடித்தபோது நான் ஏதாவது கேட்டேனா? தோல் விற்ற பணம் எங்கே போனது என்று கேட்டேனா?

மேலப்பாளையத்தான்:
கேட்டிருந்தால் ரசீதோடு காட்டியிருப்பேன். இப்போதும் காட்டுகிறேன். திக்ருக்கு ரசீது வைக்கிற வழக்கம்தான் எங்களிடம் இல்லை.

அடுப்படி ராத்தா:
எனக்கு ஒரு பதில் மட்டும் வேண்டும். பெருநாளுக்கு அடுத்த மூன்று நாளும் சாப்பிடுகிற நாள், குடிக்கிற நாள், அல்லாஹ்வை நினைக்கிற நாள் என்று ஹதீஸ் இருக்கிறது. கறியைப் பங்கு போட்டு, உறவுக்கும் ஏழைக்கும் கொடுத்தனுப்பி, குடல் கழுவி, வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி வைத்து, அந்த நாள்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் எப்போது ஓர்மையாக உட்காருவது? ஆண்கள் யாராவது குடலைக் கழுவ வருகிறீர்களா?

ஆம்பூர் பையன்:
இப்னு மஸ்ஊத் செய்திக்கும் குடலுக்கும் சம்பந்தம் இல்லை ராத்தா.

அடுப்படி ராத்தா:
தெரியும். உங்கள் யாருக்கும் எதற்கும் சம்பந்தம் இல்லை.

மேலப்பாளையத்தான்:
சகோதரியின் கேள்வி நல்ல கேள்வி, தனியாகப் பேசலாம். இப்போது திரியை மாற்ற வேண்டாம். காக்கா "இல்லை" என்றார், ஆதாரம் கேட்டேன், பிறை வந்தது, கடைத்தெரு வந்தது, குர்பானித் தோல் வந்தது, கல்லுக்கு மட்டும் பதில் வரவில்லை. அந்த இப்னு மஸ்ஊத் செய்தியை ஹதீஸ் ஆய்வாளர் அல்பானி ஏற்றிருக்கிறார் என்பதையும் சொல்லி வைக்கிறேன். அப்புறம் பலவீனம் என்று ஆரம்பிப்பீர்கள்.

காயல் காக்கா:
நான் பலவீனம் என்று எங்கே சொன்னேன்? ஆள்களைத்தான் கண்டித்தார் என்றேன், இன்னும் அதையேதான் சொல்கிறேன். நஹ்ரவான், நஹ்ரவான், நஹ்ரவான். மூன்று தடவை சொல்லிவிட்டேன், வேண்டுமானால் விரலில் எண்ணிக்கொள்ளுங்கள். ராத்திபு (கூட்டாக ஓதும் திக்ர் தொகுப்பு) வரைக்கும் இழுக்கப் பார்க்கிறீர்கள் என்று தெரியும். அதற்குத் தனித் திரி திறங்கள், வருகிறேன்.

மேலப்பாளையத்தான்:
திறந்துவிட்டேன். தலைப்பு: "காயல் காக்கா பதில் சொல்லாத ஏழு கேள்விகள்".

அடுப்படி ராத்தா:
ஏழா? ஒரே கேள்வியைத்தானே ஏழு தடவை கேட்டீர்கள்?

மேலப்பாளையத்தான்:
எண்ணிக்கொண்டே இருந்தீர்கள் போல. கவுண்டரிலா, விரலிலா?