குடும்ப வாட்ஸ்அப் குழு: கழற்றிய கைப்பிடி

கயல் (இரவு 8.10): பெரியப்பா, 1854இல் லண்டனில் பரவிய காலராவைப் பற்றிய புத்தகத்தை இன்று மாலை படித்து முடித்தேன். மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போக, அந்தப் படம் பிராட் தெருவின் கைப்பம்பைக் காட்டிக்கொடுத்ததும், பம்பின் கைப்பிடியைக் கழற்றியவுடன் நோய் நின்றுபோனதும் துப்பறியும் கதையைப் போல என்னை இழுத்துச் சென்றன.

பெரியப்பா (8.24): நீ முடித்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அம்மா, ஆனால் நடந்தவை அந்த வரிசையில் நடந்தன என்று நம்பிவிடாதே. காலரா குடிநீர் வழியாகப் பரவுகிறது என்று ஸ்னோ 1849இலேயே சிறுநூல் வெளியிட்டிருந்தார். ஆகவே நீரின் மீது அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது, வரைபடமோ தம் வாதத்தைப் பிறருக்கு விளக்குவதற்காகப் பின்னர் வரைந்தது. அவர் தந்த அட்டவணையையும் பார்க்க வேண்டும். செப்டம்பர் 1ஆம் தேதி நோய் கண்டு உயிரிழந்தவர்கள் 143 பேர். கைப்பிடியைக் கழற்றிய 8ஆம் தேதி நோய் கண்டு உயிரிழந்தவர்கள் 12 பேர் மட்டுமே. மக்கள் அப்பகுதியை விட்டு வெளியேறியதால்தான் சாவு பெரிதும் குறைந்தது என்று ஸ்னோவே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

சித்தப்பா (8.31): அண்ணா, இத்தனை நுணுக்கங்களையும் சேர்த்தால் என்னைப் போன்றவர்கள் பத்தாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவோம். பொது வாசகருக்காக எழுதுபவர் கதையைச் சற்று நேராக்கித்தானே ஆக வேண்டும்?

பெரியப்பா (8.47): அப்படி நேராக்கும்போது உதிர்ந்துபோவதுதான் பெரும்பாலும் மிகச் சுவையான பகுதி, தம்பி. அந்தப் பகுதியில் ஹென்றி வைட்ஹெட் என்ற உதவிப் பாதிரியார் இருந்தார். ஸ்னோவின் கருத்தை நம்பாமல், அது தவறென்று காட்டும் எண்ணத்தோடு வீடு வீடாக ஏறி விசாரித்தவர், கடைசியில் அந்தக் கருத்துக்கே வலுவான சான்றைக் கண்டெடுத்தார். பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை எல்லோருக்கும் முன்பே நோயுற்றிருந்தது; அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டின் முன்பிருந்த மலக்குழியில் கொட்டியிருந்தார். குழியைத் தோண்டிப் பார்த்தபோது செங்கற்கள் இற்றுப்போயிருந்தன. அதற்கும் பம்புக் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை. அந்தக் குழந்தையின் தந்தை நோயில் விழுந்தது எந்த நாள் தெரியுமா? கைப்பிடியைக் கழற்றிய அதே 8ஆம் தேதி. தணிந்துகொண்டிருந்த நோயை அந்தக் கைப்பிடி நிறுத்தவில்லை. அது கழற்றப்படாமல் இருந்திருந்தால் அதே குழியிலிருந்து இரண்டாவது முறையும் நோய் கிளம்பியிருக்கக்கூடும். எளிமையாக்கிய கதையைவிட இதுவே என் மனத்தை அதிகம் உலுக்கியது.

சித்தப்பா (8.52): அந்தத் தாயை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது அண்ணா.

கயல் (8.58): பாதிரியாரைப் பற்றி என் புத்தகத்தில் இரண்டே வரிகள்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் பம்பு நீரின் சுவை பிடித்துப்போய் தொலைவிலிருந்த ஹாம்ப்ஸ்டெட்டுக்கு வண்டியில் வரவழைத்துக் குடித்து இறந்த பெண்மணியின் பகுதி நன்றாக இருந்தது. அதுவும் கற்பனையாகிவிடுமோ என்று இப்போது கவலையாக இருக்கிறது.

பெரியப்பா (9.05): கவலை வேண்டாம், அது ஸ்னோ விசாரித்துப் பதிவு செய்தது. அந்தப் பெண்மணியைப் பார்க்க வந்த உறவுப் பெண்ணும் அதே நீரைக் குடித்து இறந்தார். வரலாற்று நூல் எதுவானாலும் நான் முதலில் புரட்டுவது கடைசியிலுள்ள குறிப்புகளைத்தான். "அன்றிரவு அவர் ஜன்னலோரம் நின்று கலங்கினார்" என்பது போன்ற வரி வந்தால், அதற்குக் கடிதமோ நாட்குறிப்போ ஆதாரமாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று தேடுவேன். இல்லையென்றால் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி இட்டுவிட்டு மேலே படிப்பேன். நன்றாக எழுதப்பட்ட நூலை இப்படிப் படிப்பதால் அதன் மீதுள்ள மதிப்பு எனக்குக் கூடியே வந்திருக்கிறது.

கயல் (9.21): குறிப்புகளைப் பார்த்தேன் பெரியப்பா. நீங்கள் சொன்ன அட்டவணை 12 என்ற எண்ணோடு அங்கே பொடி எழுத்தில் இருக்கிறது; அத்தியாயத்திலோ கைப்பிடியைக் கழற்றிய மறுவரியிலேயே நோய் ஓய்ந்துவிடுகிறது. தெரிந்தே விட்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சித்தப்பா (9.26): அண்ணா, வைட்ஹெட்டைப் பற்றி விரிவாகச் சொல்லும் உங்கள் பிரதியை எனக்குக் கொடுங்கள். 40ஆம் எண் வீடு வரும் பக்கத்தில் ஓர் அடையாளத் தாள் வையுங்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன்.