மார்புப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி ஏழு வருடத்துக்குப் பிறகு வந்த மூச்சிளைப்பு

களுவாஞ்சிகுடியில் இருந்து:

அம்மாவுக்கு 2011இல் இடது மார்பில் கட்டி. ஒப்பரேஷன் முடிந்து சிவப்பு மருந்து ஏற்றினார்கள். அப்புறம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிப் பக்கம் தங்கிக் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) பிடித்தோம். ஐந்து வருடம் கிளினிக் போய்வந்து, சுகம் என்றானதும் அந்தக் கதையையே வீட்டில் எடுப்பதில்லை.

2018 ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாடக் கூட்டிப் போனேன். பஸ்ஸால் இறங்கிக் கோயிலடிக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றுவிட்டார். "வெயில் மகள், வேறொன்றுமில்லை" என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், வார் பதிந்த தடம் ஆழமாக இருந்தது. பக்கத்தில் விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது. நடந்த வீக்கம் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு இரவுகள் கெட்டுப்போயின. நேராகப் படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணை இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே விடியும். ஊரில் காட்டிய இடத்தில் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) என்று வாயால் இழுக்கும் பம்ப் தந்தார்கள். இரண்டு மாதம் இழுத்தார். புற்றுநோய் இருந்ததை அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அது மாறின வருத்தம்தானே!

மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது தழும்பைக் கண்டு, "என்ன மருந்து ஏற்றினது?" என்று கேட்டார். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் நிறைந்த இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ள வேண்டுமாம். அம்மாவுக்கு 32 சதவீதம். அந்த வீக்கமும் மூச்சு முட்டலும் அதனால்தான்.

டொக்சோரூபிசின் என்ற அந்தச் சிவப்பு மருந்து இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடியது. ஏற்றிய மொத்த அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும், வருடங்கள் கழித்தும் வெளிவரும். இடது பக்கம் பிடிக்கும் கரண்ட் இதயத்தின் இரத்தக் குழாய்களையும் பாதிக்கலாம். அம்மாவுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் வேறு. அந்த மருந்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, எங்களுக்கு அம்மாவைத் தந்ததே அதுதான். ஆனால் கிளினிக் முடிந்த அன்றே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பம்ப்போடு இரண்டு மாதம் போயிருக்காது.

ஆஸ்பத்திரியில் அப்போது தந்த பழைய டயக்னோசிஸ் கார்டை அலுமாரி முழுக்கத் தேடி, கல்யாண அல்பத்துக்குள் கண்டெடுத்தோம். மருந்தின் பெயரும் அளவும் அதில்தான் இருந்தன. இப்போது பல்வலிக்குப் போனாலும் அது பையில் இருக்கும். மாத்திரைகளோடு அந்த 32 இப்போது 41 சதவீதம். ஒரு தலையணையில் படுக்கிறார். உப்பு கூடாது என்பதால் கருவாட்டுக்கு மட்டும் இன்னும் சண்டை.

அக்கரைப்பற்றில் இருந்து:

தங்கச்சி, உம்மாவுக்குத் துஆச் செய்கிறேன். எனக்கு மார்புப் புற்றுநோய்க்கு ஹெர்செப்டின் என்ற ஊசி, மூன்று கிழமைக்கு ஒரு தரம், ஒரு வருடம். மூன்று மாதத்துக்கு ஒருக்கா எக்கோ. மூன்றாவதில் இதயம் தள்ளும் அளவு 61 சதவீதத்திலிருந்து 47க்கு இறங்கிவிட்டது. உடம்பில் ஒன்றும் தெரியவில்லை, முதல்நாளும் முற்றத்தில் நெல் காயப்போட்டேன். ஊசியை நிறுத்தி மாத்திரை தந்தார்கள். இரண்டு மாதத்தில் 56. பிறகு மிச்ச ஊசியையும் போட்டு முடித்தேன். இந்த ஊசியால் வரும் பலவீனம் நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் மீளும் என்றார்கள். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று எக்கோவைத் தவறவிடாதீர்கள்.

கல்முனையில் இருந்து:

என் அக்காவுக்கும் இடது பக்கம்தான். கரண்ட் பிடிக்கும்போது மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார்களாம். அப்போது இதயம் நெஞ்சுச் சுவரில் இருந்து கொஞ்சம் விலகி நிற்கும் என்று பிறகுதான் விளங்கியது. வீட்டில் கட்டிலில் படுத்து, நான் மணிக்கூட்டைப் பார்த்து இருபது எண்ண எண்ண அவ பழகினா. களுவாஞ்சிகுடி அக்கா, இன்றிரவே என் அக்காவின் கார்டைத் தேடி எடுக்கிறேன்.